மாசத்துக்கு எத்தனை லிட்டர்?

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. கிண்டியில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினேன். காவலாளி என்னை ஒரு பார்வை, வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை இடது பக்கம் நீட்டினார். "டெலிவரி வண்டியெல்லாம் பின்னாடி கேட்டும்மா." நான் போயிருந்தது எங்கள் பட்டறைக்கு வரவேண்டிய மூன்று மாதப் பாக்கிக்காக, அவர்கள் கணக்கோடு எங்கள் கணக்கை ஒத்துப் பார்ப்பதற்கு. தோளில் ஃபைல் பை, கழுத்தில் அடையாள அட்டை எல்லாம் இருந்தது. ஆனால் நான் ஓட்டி வந்தது என் தம்பியின் டிவிஎஸ் எக்ஸ்எல் 100. கீழ்க்கட்டளையில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறான். வண்டியின் பின்னால் மாவு டிரே கட்டுவதற்கென்று அடித்த இரும்புச் சட்டம். ஹாண்டிலில் காய்ந்த மாவு. அவர் கை காட்டிய பக்கமே போனேன். பின் வாசலில் சரக்கு இறக்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்த பதிவேட்டில் 'பொருள்' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டு, லிஃப்ட் தேடி மாடிக்குப் போவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

அந்தக் காவலாளி மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு வண்டியைப் பார்த்ததும் அதில் வருபவர் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. எனக்கும் தெரிந்தே இருந்தது. எக்ஸ்எல் என்றால் மீன்கூடை, பால் கேன், தண்ணீர் கேன், பூக்கூடை, புல்லுக்கட்டு. அதனால்தான் நான்கு மாதமாக "எனக்கு மைலேஜ்தான் முக்கியம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வண்டி தேடிய நான், அந்தப் பட்டியலில் எக்ஸ்எல்லை மட்டும் எழுதவே இல்லை. அந்தப் பின்வாசல் என்னை விடாமல் உறுத்துவதற்கு அதுதான் காரணம். எழுதினால்தான் தீரும் என்று தோன்றுகிறது.

நாற்பது என்று சொல்லிக்கொண்டிருந்த வண்டி

என் பழைய ஸ்கூட்டர் 2014-இல் வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மேடவாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டின் கீழே இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. சீட்டுக்குச் சமமாகத் தண்ணீர். மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, என்ஜின் ஆயிலை இரண்டு முறை மாற்றி, எப்படியோ உயிர் கொடுத்துவிட்டார். "ஓடும்மா, ஆனா பழைய மாதிரி எதிர்பார்க்காதீங்க" என்றார். ஓடியது. யாராவது "எவ்வளவு தருது?" என்று கேட்டால் "நாப்பது" என்று சொல்லி வந்தேன். அதாவது லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர். அது வாங்கிய காலத்தில் வாயில் வந்த எண். அதன் பிறகு அளந்து பார்த்ததே இல்லை. பங்க்கில் எப்போதும் இருநூறு ரூபாய்க்குப் போடுவேன். முள் சிவப்புக்கு வந்தால் மறுபடி இருநூறு. இப்படிப் போடுகிறவர்களுக்குத் தங்கள் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வழியே இல்லை.

2025 மார்ச்சில், வருடக் கணக்கு முடிக்கிற மும்முரத்தில், என் பெட்ரோல் செலவையும் எழுதிப் பார்த்தேன். அலுவலகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில். 1958-இல் தொடங்கிய பேட்டை. அங்கே தகடு வெட்டி வளைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டிலிருந்து 13 கிலோமீட்டர். போக வர 26. மாதம் 24 வேலை நாள். ஆக 624 கிலோமீட்டர். பெட்ரோல் செலவோ இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. நாற்பது கொடுக்கிற வண்டிக்கு இவ்வளவு ஆகாதே என்று, முதல் முறையாக முறைப்படி அளந்தேன். ஒரே பங்க், ஒரே பம்ப். டேங்க்கை நிரப்பி கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பினால், இரண்டாவது முறை பிடித்த அளவுதான் குடித்த அளவு. மூன்று முறை செய்தேன். 31 வந்தது.

மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிக் காட்டினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. டயரில் காற்று பாதி. ஏர் ஃபில்டர் அட்டைபோல் அடைத்துக் கிடந்தது. பெல்ட் தேய்ந்து வழுக்கியது. எல்லாம் சரிசெய்ததும் 35 வந்தது. வண்டி மாற்ற வேண்டும் என்று நினைக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்வேன்: முதலில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். என் வண்டியில் அதற்கு மேல் என்ஜினைத் திறந்தால் பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார். பதினோரு வருட வண்டி, வெள்ளம் பார்த்த வண்டி. அங்கேதான் புது வண்டித் தேடல் ஆரம்பித்தது.

எங்கள் பட்டறைக்கு எதிர் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் அரை மணி நேரம் ஓடும். ஒருவர் தன் நூறு சிசி பைக் எழுபது தருகிறது என்பார். இன்னொருவர் அறுபத்தைந்துக்கு மேல் எதுவும் தராது என்பார். இப்போது போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் எல்லா வண்டிக்கும் அடி என்பார் மூன்றாமவர். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கான தூரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். வண்டிப் பெயர், விலை, மைலேஜ். 110 சிசி ஸ்கூட்டர் 42 என்றார்கள், இன்னொன்று 45, பைக் 65. நாளுக்கு நாள் நோட்டு பெரிதானது. முடிவு மட்டும் வரவில்லை.

அப்பாவின் கேள்வி

ஜூனில் கண் பரிசோதனைக்காக அப்பா மதுராந்தகத்திலிருந்து வந்தார். எழுபத்தொரு வயது. முப்பது வருடத்துக்கு மேல் தவணைக்குத் துணி விற்றவர். ஊர் ஊராகப் போய்ப் புடவையைக் கொடுத்துவிட்டு வாரா வாரம் பத்து, இருபது என்று வசூல் செய்யும் தொழில். அந்தத் தொழில் முழுக்க டிவிஎஸ் 50 மேல் நடந்தது. ஓசூரில் 1980-இல் வெளிவந்த மொபெட். அப்பா அதை இரண்டாம் கையாக வாங்கினார். பின்னால் கேரியரில் துணிமூட்டை, முன்னால் இன்னொரு மூட்டை, பள்ளி விடுமுறையென்றால் நடுவில் நான். டூ-ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். அந்தப் புகையின் மணம் இன்று எங்காவது வந்தாலும் எனக்குக் கருங்குழி ரோடுதான் ஞாபகம் வரும்.

சாப்பிட்டுவிட்டு அப்பா என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா, இதெல்லாம் இருக்கட்டும். உனக்கு மாசத்துக்கு எத்தனை லிட்டர் ஆகுது?"

அதற்கு என் நோட்டில் பதில் இல்லை. அப்பாவுக்கு மைலேஜ் என்ற சொல்லே வாயில் வராது. அவர் கணக்கு எப்போதும் லிட்டரில்தான். "படாளம், கருங்குழி லைன்னா முக்கால் லிட்டர். உத்திரமேரூர் பக்கம்னா ஒண்ணேகால். இன்னிக்கு வசூல் ஒண்ணேகால் லிட்டருக்குத் தாங்குமான்னு பார்த்துட்டுத்தான் வண்டியை எடுப்பேன்" என்றார். அன்று ராத்திரி நோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்த்தேன். 624-ஐ அந்த எண்ணால் வகுத்தேன், அவ்வளவுதான். பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பழுது பார்ப்பதற்கு முன், 31-இல், என் ஸ்கூட்டர் மாதம் 20 லிட்டர். பழுது பார்த்த பிறகு, 35-இல், 18. புது ஸ்கூட்டர் 42 கொடுத்தால் 15. 58 கொடுக்கிற வண்டி 10.8. டீக்கடைக்காரர்கள் சண்டை போடுகிற 65-க்கும் 70-க்கும் நடுவில் எத்தனை தெரியுமா? 9.6, 8.9. முக்கால் லிட்டர்கூட இல்லை. சென்னையில் அப்போது லிட்டர் நூறு ரூபாய் சொச்சம் என்பதால் கணக்கு சுலபம்: மாதம் எழுபது ரூபாய். அந்த எழுபது ரூபாய்க்காகத்தான் நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மேனேஜர் அதே வருடம் லிட்டருக்கு 12 கொடுத்த பழைய காரை விட்டுவிட்டு 18 கொடுக்கிற சின்னக் கார் ஒன்றுக்கு மாறினார். "வெறும் ஆறு கிலோமீட்டர்தான் கூடியிருக்கு" என்று அவரே குறைபட்டுக்கொண்டார். என் அளவு தூரம் அவர் ஓட்டினால் 52 லிட்டர் 35 ஆகிறது. 17 லிட்டர் மிச்சம். ஒரு பைக்காரர் 45-லிருந்து 65-க்கு, இருபது கிலோமீட்டர் தாவினாலும் மிச்சமாவது 4 லிட்டர் சொச்சம்தான்.

'லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்' என்ற கேள்வியே நம்மைத் தப்பான இடத்தில் கவனிக்க வைக்கிறது. குறைவாகக் கொடுக்கிற வண்டியில் ஒவ்வொரு கிலோமீட்டரும் பெரிய தொகை, அதிகம் கொடுக்கிற வண்டியில் அது சில்லறை. பல ஐரோப்பிய நாடுகளில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்றுதான் எழுதுகிறார்கள். ஷோரூம் பலகையில் அப்படி எழுதி வைத்தால் பாதி விவாதம் அன்றே அடங்கும். அப்பா பள்ளியில் எட்டாவதைத் தாண்டவில்லை. கையில் இருந்த வசூல் பணத்திலிருந்து பெட்ரோல் போட்டவர் என்பதால் அந்த அளவு அவருக்குத் தானாக வந்திருக்கிறது.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது கணக்கைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, "அப்ப எக்ஸ்எல் எடுத்துக்கோம்மா. என்னோடது அம்பத்தஞ்சுக்குக் குறையறதில்ல. விலையும் பாதிதான்" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "அப்பா, ஆபீஸ் போறதுக்குப்பா" என்றேன். அவர் "ம்" என்றார். பேச்சை மாற்றிப் பேத்தியின் படிப்பைப் பற்றிக் கேட்டார்.

ஒன்பது நாள்

ஜூலையில் ஆடித் திருவிழாவுக்குத் தம்பி கடையைப் பூட்டிவிட்டு மனைவி ஊருக்குக் கிளம்பினான். அதே வாரம் என் ஸ்கூட்டர் வழியில் நின்றுவிட்டது. "அக்கா, என் வண்டி சும்மாதானே நிக்குது, எடுத்துக்கோ" என்று சாவியைக் கொடுத்தான். வேறு வழி இல்லாமல்தான் ஏறினேன்.

என் பாதையைச் சொல்ல வேண்டும். மேடவாக்கம் கூட்டுரோட்டிலிருந்து கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம், வாணுவம்பேட்டை, பரங்கிமலை, கத்திப்பாரா. மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ தூண்கள் நடுரோட்டில் எழும்பிக்கொண்டிருக்கும் பாதை அது. தடுப்புத் தகரங்களுக்கும் கடைகளுக்கும் நடுவில் மிச்சமிருக்கிற ரோட்டில் பஸ், லாரி, ஆட்டோ, நாங்கள். 13 கிலோமீட்டருக்கு எனக்கு 50 நிமிடம் ஆகும். அதாவது மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர் வேகம். ஒருநாள் நின்ற நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன்: 17 நிமிடம். இந்த ரோட்டுக்குத்தான் நான் 'பிக்கப்' பற்றியும் உச்ச வேகம் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்எல்லில் கியர் கிடையாது. தானாகப் பிடிக்கும் கிளட்ச், செயின். வண்டி 90 கிலோவுக்கும் குறைவு. பத்தடிக்கு ஒருமுறை நின்று கிளம்புகிற ரோட்டில் ஒவ்வொரு முறையும் அந்த எடையை மறுபடி நகர்த்த வேண்டும், ஒவ்வொரு பிரேக்கிலும் அந்த முயற்சி சூடாகி வீணாகிறது. எடை குறைந்தால் வீணாவதும் குறைகிறது. சக்கரம் 16 அங்குலம். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் விழுந்து எழுகிற பள்ளத்தை இது உருண்டு கடந்துவிடும். மெட்ரோக்காரர்கள் மூடிவிட்டுப் போன குழிகளில் நான் பல வருடமாக முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே முதுகு வித்தியாசம் சொன்னது. குறைகளும் உண்டு. சீட்டுக்கு அடியில் சாமான் வைக்க இடமில்லை. கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது பின்னால் வரும் பஸ்ஸுக்கு இடம் விட்டு இடது ஓரத்தில்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் டிரம் பிரேக், ஈரத்தில் இடைவெளி அதிகம் விட வேண்டும். காலியான நாற்பதடி ரோட்டில் தினமும் நாற்பது கிலோமீட்டர் போகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பைக்தான். ஒன்பது நாள் முடிவில் டேங்க் நிரப்பிப் பார்த்தேன். 57.

அந்த ஒன்பது நாளில் ஆறாவது நாள்தான் அந்தப் பின்வாசல். சரக்கு லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றபோது என்மேல் எனக்குப் பரிதாபம் வருவதற்குப் பதிலாக, "அப்பா, ஆபீஸ் போறதுக்குப்பா" என்று நான் சொன்னது என் காதில் கேட்டது. அதே குரலில், அதே அவசரத்தில். காவலாளி முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்னார். நான் என்னைப் படிக்க வைத்தவரிடம், அந்தப் படிப்புக்குப் பணம் சுமந்த வண்டியைப் பற்றி, அவர் காபி டம்ளரைக் கையில் வைத்திருக்கும்போது சொன்னேன். அவர் 'ம்' என்றதன் அர்த்தம் ஒரு மாதம் கழித்து, மூட்டை இறக்குகிற இடத்தில் நிற்கும்போது விளங்கியது. லிஃப்ட் வந்து, போய், மறுபடி வந்தது. நான் ஏறவில்லை. அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "தம்பி வண்டியிலதான்பா ஆபீஸ் வந்தேன். நல்லா ஓடுது" என்றேன். "சைடு ஸ்டாண்டைப் பார்த்து எடும்மா, லேசா தொங்கும்" என்றார்.

மற்ற கணக்குகள்

பஸ்ஸை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். 2021-லிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அதைவிடச் சிக்கனமான பயணம் எதுவும் இல்லை. வெளியே அலைய வேண்டாத நாளில் பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் வாரத்தில் நான்கு நாளாவது வங்கி, ஆடிட்டர் ஆபீஸ், பாக்கிக்காரர்கள் அலுவலகம் என்று சுற்ற வேண்டியிருக்கிறது, காலையில் மகளைப் பள்ளியில் விட வேண்டியிருக்கிறது. மின்சார ஸ்கூட்டரையும் மனசாரத்தான் யோசித்தேன். கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் பெட்ரோல் வண்டி எதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. எங்கள் வீட்டு உரிமையாளர் சார்ஜ் பாயின்ட் வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. போன வெள்ளத்தில் மீட்டர் பெட்டி வரை தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர் அவர், அந்தப் பயம் நியாயமானது. மாடியில் மூன்றாம் தளத்திலிருந்து ஒயர் இறக்குவதை நானே விரும்பவில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சுவரில் ஒரு பிளக் கிடைக்க வழி செய்யாமல் மின்வாகனம் வாங்குங்கள் என்று சொல்வது எங்களைப் போன்றவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவதுதான். சொந்த வீடும் கீழே ஒரு பிளக்கும் இருந்தால் நான் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க மாட்டேன், மின்சார வண்டி வாங்கியிருப்பேன்.

மிச்சமிருந்தது விலைக் கணக்கு. எனக்குச் சொன்ன விலையில் 110 சிசி ஸ்கூட்டருக்கும் எக்ஸ்எல்லுக்கும் நாற்பதாயிரத்துக்குக் குறையாத வித்தியாசம். பெட்ரோலில் மாதம் நான்கு லிட்டர் மிச்சம். ஸ்கூட்டரைத் தவணையில் எடுத்திருந்தால் அந்த நாற்பதாயிரத்துக்கு வட்டி வேறு. செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. அதுவரை காத்திருந்து, ரொக்கமாகவே கொடுத்து, விஜயதசமி அன்று வண்டியை எடுத்தேன். ஷோரூமில் பையன் என் கணவரிடமே பேசிக்கொண்டிருந்தான், "கடைக்கா சார்?" என்று. "எனக்கு. ஆபீஸ் போறதுக்கு" என்றேன். மதுராந்தகத்திலிருந்து வந்திருந்த அப்பா சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். முதல் நாள் காலையிலேயே, "அம்மா, நான் முனையிலேயே இறங்கிக்கிறேன், அங்கிருந்து நடந்துடறேன்" என்றாள். சரி என்றேன். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மழைக்காலம் முடிந்து இப்போது நான்கு மாதம் ஆகிறது. சிக்னலில் அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் சுவிட்சை அணைக்கப் பழகிவிட்டேன். மாதக் கடைசி ராத்திரி அப்பா ஃபோன் செய்வார், நலம் விசாரித்துவிட்டு, "எத்தனை லிட்டர்?" என்பார். போன மாதம் 10.6. நோட்டில் அதைத் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். மகள் இன்னும் முனையில்தான் இறங்கிக்கொள்கிறாள்.